உடலும் ஒப்புதலும்: கருத்தடை அறுவை, திருமணம், கத்தோலிக்க அறநெறி



திருமணத்தையும் குடும்ப வாழ்வையும் பற்றி ஆண்டுக்கொரு முறை பொதுநிலையினர் ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரின் விருப்பம். இவ்வாண்டு அந்த வாய்ப்பை எனக்குத் தந்தவர்களுக்கு நன்றி. நான் இறையியல் பட்டம் பெற்றவள் அல்ல. மகப்பேறு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். அறநெறி நூல்கள் விவாதிக்கும் கருத்தடை அறுவையைச் செய்துகொண்ட பெண்களோடும், வேண்டாம் என்று மறுத்த பெண்களோடும், செய்துகொண்ட பிறகு அழுத பெண்களோடும் பேசிப் பழகியவள். அந்தப் பழக்கத்தோடுதான் திருச்சபையின் ஏடுகளைப் படித்தேன்.

நம் பங்குகளில் இந்தப் பொருள் எப்படிப் பேசப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். திருமணத் தயாரிப்பு வகுப்பின் கடைசி அரை மணி நேரத்தில் ஒருவர் எழுந்து, "ஆபரேஷன் பண்ணிக்கொள்வதைத் திருச்சபை அனுமதிப்பதில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார். அவர் சொன்னது சரி. ஆனால் பாதியைத்தான் சொன்னார். அந்தப் போதனையின் முதல் பாதி அரசை நோக்கியது. குற்றம் எதுவும் செய்யாத ஒரு மனிதனின் உடலில் கை வைக்க எந்த ஆட்சிக்கும் உரிமையில்லை என்பது அது. அதை நாம் மறந்துபோனோம். இரண்டாம் பாதியை மட்டும் கொண்டுவந்தோம். அதையும் கணவனும் மனைவியும் சேர்ந்து சுமக்கும்படி தராமல் மனைவியின் தலையில் இறக்கி வைத்தோம். முதல் பாதியை மீட்டு, அதன் வெளிச்சத்தில் இரண்டாம் பாதியைப் படிக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1906-இல் பிறந்தவர் கேரி பக். ஏழைத் தாயிடமிருந்து சிறு வயதிலேயே பிரிக்கப்பட்டு, ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விடப்பட்டார். படிப்பைப் பாதியில் நிறுத்தி அவரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பதினேழாம் வயதில் அந்தக் குடும்பத்தின் உறவினன் ஒருவனின் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றார். குடும்பத்துக்குத் தலைகுனிவு வரக்கூடாதே என்று, பெண்ணுக்கு அறிவு வளர்ச்சி போதாது எனச் சொல்லி லிஞ்ச்பர்க் அருகே இருந்த அரசு காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய தாய் ஏற்கெனவே அதே காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தார். இத்தகையவர்களுக்கு அவர்கள் விருப்பம் இல்லாமலே கருத்தடை அறுவை செய்ய இடம் தரும் சட்டத்தை 1924-இல் வர்ஜீனியா இயற்றியிருந்தது. அந்தச் சட்டம் நிற்குமா என்று சோதித்துப் பார்க்க வழக்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்தான் கேரி.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1927 மே 2 அன்று எட்டு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அமெரிக்கச் சட்ட உலகம் இன்றும் மதிக்கும் பெயர். அம்மை குத்திக்கொள்ளும்படி மக்களைக் கட்டாயப்படுத்த முடியுமென்றால் கருக்குழாயை வெட்டவும் அதே அதிகாரம் போதும் என்பது அவருடைய வாதம். அந்த அக்டோபரில் கேரிக்கு அறுவை நடந்தது. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையும் அறிவு குன்றியவர்கள் என்று தீர்ப்பு சொன்னது. அந்தப் பேத்தி, விவியன் என்ற சிறுமி, பள்ளியில் நன்றாகப் படித்தாள். எட்டு வயதில் நோய் கண்டு இறந்துபோனாள்.

கேரியின் தங்கை டோரிஸின் கதையைத் திருமணத்தைப் பற்றிப் பேச வந்த நான் விட்டுவிட முடியாது. 1928-இல் அவரையும் மேசையில் படுக்க வைத்தார்கள். குடல்வால் அறுவை என்று சொன்னார்கள். அவர் நம்பினார். பிறகு மணம் முடித்தார். கணவனும் மனைவியும் குழந்தைக்காக ஏங்கினார்கள், காத்திருந்தார்கள். தனக்கு என்ன செய்யப்பட்டது என்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, முதுமையில்தான் அவருக்குத் தெரியவந்தது. அரசு ஒரு பெண்ணின் கருக்குழாயை மட்டும் வெட்டவில்லை. இன்னும் நடக்காத ஒரு திருமணத்துக்குள்ளும் அன்றே கை நுழைத்துவிட்டது.

1927 தீர்ப்பில் உடன்படாத நீதிபதி ஒரே ஒருவர், பியர்ஸ் பட்லர். அந்த நீதிமன்றத்தில் இருந்த ஒரே கத்தோலிக்கரும் அவர்தான். தம் காரணங்களை அவர் எழுதி வைக்கவில்லை. அந்த மௌனத்துக்குள் நாம் விரும்புவதையெல்லாம் நிரப்பக் கூடாது. ஆனால் படித்தவர்கள், சீர்திருத்தவாதிகள், மருத்துவர்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் இத்தகைய சட்டங்களின் பக்கம் சாய்ந்திருந்த காலம் அது. 1907-இல் இண்டியானா மாநிலம் தொடங்கி வைத்த இந்தச் சட்டங்களின் கீழ் அமெரிக்காவில் மொத்தம் 60,000-க்கும் மேற்பட்டோர் அறுவைக்கு உள்ளானார்கள்.

1927 தீர்ப்புக்கு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1930 டிசம்பர் 31 அன்று, திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 'காஸ்தி கொன்னூபி' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். அதே ஆண்டு ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு, சில சூழல்களில் கருத்தடைக்கு இடமளித்திருந்தது. அதற்குப் பதிலாகவே இந்த மடலைப் பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அடுத்தடுத்து வரும் இரண்டு பத்திகள். முதல் பத்தி அரசைப் பார்த்துப் பேசுகிறது: குற்றம் செய்யாதவர்களின் உடலைச் சிதைக்க ஆட்சியாளருக்கு நேரடி அதிகாரம் கிடையாது, வரப்போகும் சந்ததி நோயுற்றுப் பிறக்கும் என்ற காரணமும் செல்லாது. அடுத்த பத்தி தனிமனிதனைப் பார்த்துப் பேசுகிறது: உன் உடல் உறுப்புகள் மீது உனக்கும் எல்லையற்ற அதிகாரம் கிடையாது, முழு உடலின் நலனுக்கு வேறு வழியில்லாதபோது மட்டுமே ஓர் உறுப்பை நீக்கலாம். இந்த வரிசையைக் கவனியுங்கள். அரசைத் தடுத்து நிறுத்திய பிறகுதான் திருத்தந்தை தனிமனிதன் பக்கம் திரும்புகிறார்.

கத்தோலிக்கர் எல்லாரும் அதற்கு முன்பே ஒரே குரலில் பேசிவந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஜெர்மனியில் யோசேப் மையர் என்ற குரு, மனநோயாளிகளுக்குச் சட்டப்படி கருத்தடை செய்வதை ஆதரித்து 1927-இல் திருச்சபையின் அச்சு அனுமதியோடு ஒரு நூலை வெளியிட்டார். 1930-இன் மடல் அந்த வழியை அடைத்தது. 1933 ஜூலை 14 அன்று நாத்சி அரசு பரம்பரை நோய்ச் சட்டத்தை இயற்றியபோது, அடைக்கப்பட்ட வழி என்ற தெளிவாவது ஜெர்மன் கத்தோலிக்கருக்கு இருந்தது. யாரும் தாமாக அறுவைக்கு முன்வரவோ பிறருக்காக விண்ணப்பிக்கவோ கூடாது என்று கோயில்களில் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. அதே ஜூலை 20 அன்று அந்த அரசோடு வத்திக்கான் உடன்படிக்கை செய்துகொண்டதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு அறுவை செய்யப்பட்டது. போதனை தெளிவாக இருந்தும் அவர்களைக் காப்பாற்றப் போதவில்லை.

இனி, இரண்டாம் பத்திக்கு வருகிறேன். அரசு என்னைக் கட்டாயப்படுத்துவது தவறு, ஒப்புக்கொள்கிறோம். நானே விரும்பிச் செய்துகொண்டால் அதில் என்ன தவறு? இன்றைய இளைஞர் யாரும் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வி. கட்டாயமும் விருப்பமும் எதிரெதிர் அல்லவா?

திருச்சபையின் பதில் புனித தாமஸ் அக்வினாஸ் காலத்திலிருந்து வரும் ஒரு நெறியில் தொடங்குகிறது. உறுப்பு முழு உடலுக்காக இருக்கிறது. உடலைக் காக்க அழுகிய விரலை எடுக்கலாம். கருப்பையில் புற்று வந்தால் கருப்பையை எடுக்கலாம். அதன் பிறகு குழந்தை பிறக்காது என்பது தெரிந்திருந்தும் எடுக்கலாம், ஏனென்றால் நாம் நாடியது புற்று நீங்குவதை. இதை மறைமுகமான மலட்டாக்கம் என்பார்கள். 1968 ஜூலை 25 தேதியிட்ட 'ஹூமானே வீத்தே' மடலில் திருத்தந்தை ஆறாம் பவுல் இத்தகைய சிகிச்சைக்கு வெளிப்படையாக இடமளிக்கிறார். ஆனால் நோயில்லாத கருக்குழாயை, குழந்தை வராமலிருப்பதற்காகவே கட்டுவது நேரடி மலட்டாக்கம். ஆணுக்கோ பெண்ணுக்கோ, நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ, அது ஆகாது என்று அதே மடல் சொல்கிறது. 1940-இலேயே உரோமைப் பேராயம் இப்படிப் பதிலளித்திருந்தது.

இதற்குப் பின்னால் உள்ள திருமணப் பார்வை இல்லாமல் இந்த விதி வெறும் தடையாகத்தான் தெரியும். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தம்மைக் கொடுக்கும்போது, தம்மில் எதையும் பிடித்து வைக்காமல் கொடுக்கிறார்கள். தாயாகவும் தந்தையாகவும் ஆகக்கூடிய ஆற்றலும் அந்தக் கொடையில் அடங்கும். அந்த ஆற்றல் எப்போதும் கனி தரவேண்டும் என்பதில்லை; இயற்கையிலேயே மாதத்தில் பெரும்பாலான நாள்கள் அது கனி தருவதில்லை. தம்பதியர் குழந்தை வேண்டாம் என்று தீர்மானிக்கத் தக்க காரணங்கள் இருக்கலாம் என்பதை, உடல்நலம், பொருளாதாரம், மனநிலை, சமூகச் சூழல் என்று பெயர் சொல்லியே அதே மடல் ஏற்கிறது. கருவுறாத நாள்களைப் பார்த்துக் கூடுவதில் தவறில்லை என்றும் சொல்கிறது. தடுப்பது ஒன்றைத்தான்: அந்த ஆற்றலைக் கொடுப்பதிலிருந்தே வெட்டி விலக்குவதை.

குடும்பக் கட்டுப்பாடு பற்றி ஆராய 1963-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அமைத்த குழுவில், 1966-இல் பெரும்பான்மையோர் கருத்தடை பற்றிய போதனையில் மாற்றம் வேண்டும் என்றார்கள். ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை. இந்தச் செய்தி எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு: மாற்றம் கேட்ட அந்தப் பெரும்பான்மையோரின் அறிக்கைகூட, மலட்டு அறுவை கடுமையானது, மீட்க முடியாதது என்பதால் பொதுவாக அதை விலக்கவே வேண்டும் என்றது. மாத்திரை பற்றி வேறுபட்டவர்களும் கத்தி பற்றித் தயங்கினார்கள்.

இங்கே ஒரு தவறான புரிதலைத் துடைத்துவிட வேண்டும். பிள்ளை பெறும் திறனைத் திருச்சபை இவ்வளவு போற்றுகிறது என்றால், பிள்ளையில்லாத திருமணம் குறையுள்ளதா? இல்லை. திருச்சபைச் சட்டத்தின் 1084-ஆம் விதி, மலட்டுத்தன்மை திருமணத்தைத் தடுப்பதும் இல்லை, செல்லாததாக்குவதும் இல்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. உடலுறவு கொள்ள இயலாமை வேறு, குழந்தை பெற இயலாமை வேறு. 1587-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஸ்பெயினில் இருந்த தம் தூதருக்கு எழுதிய கடிதத்திலிருந்து, விந்து பற்றிய ஒரு சிக்கல் நூற்றாண்டுகளாகச் சட்ட அறிஞர்களை அலைக்கழித்தது. வாசெக்டமி செய்துகொண்டவன் திருமணம் செய்ய முடியுமா என்பது அதன் நவீன வடிவம். 1977 மே 13 அன்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் முடியும் என்று தீர்த்து வைத்தது. அரசின் கருத்தடை முகாமில் அறுவை செய்துகொண்ட ஒருவர் மனைவியை இழந்தபின் கோயிலில் மறுமணம் செய்துகொள்ளலாம். அது முழுமையான அருட்சாதனம். ஒரே நிபந்தனை, உண்மையை மறைக்கக் கூடாது. மணக்கவிருப்பவரிடம் மலட்டுத்தன்மையை வஞ்சகமாக மறைத்துச் சம்மதம் பெற்றால், அந்த வஞ்சகமே திருமணத்தைச் செல்லாததாக்கலாம்.

பிள்ளையில்லை என்று மாமியார் வீட்டில் குத்திக்காட்டப்படும் நம் பெண்களுக்கு 1084-ஆம் விதியை யாராவது வாசித்துக் காட்டியிருக்கிறோமா? பிள்ளை பிறந்த பின் அறுவை செய்துகொண்டவளைக் கண்டிக்க வாய் திறக்கும் நாம், பிள்ளை பிறக்காதவளுக்காக வாய் திறப்பதில்லை. இரண்டும் ஒரே போதனைதான்.

இந்தியாவுக்கு வருவோம். அரசு திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டை மேற்கொண்ட முன்னோடி நாடு நம்முடையது. அதற்குள்ளும் அன்றைய சென்னை மாநிலம் முன்னோடி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி பின்னர் சென்னையின் தலைமைச் செயலாளர் ஆனார். 1950-களின் பிற்பகுதியில், அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் தரும் திட்டம் இங்கேதான் தொடங்கியது. அன்று கூலி வேலை செய்பவருக்கு அது பல நாள் வருமானம். சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பசி கட்டாயப்படுத்தியது.

1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளம் நகர மன்றக் கூடத்தில் ஒரு முகாம் நடந்தது. கத்தோலிக்கர் நிறைந்த மாவட்டம். சீரோ மலபார் பேராயரின் இருக்கை உள்ள நகரம். ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் தலைமையில் ஒரே மாதத்தில் ஏறத்தாழ 63,000 ஆண்களுக்கு வாசெக்டமி செய்யப்பட்டது. ரொக்கத்தோடு வேட்டி, சேலை, அரிசியும் கொடுத்தார்கள். மழை அடித்துப் பெய்து கூலி வேலை குறையும் மாதம் ஜூலை என்பதை மலையாளக் கரையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த முகாம் உலகெங்கும் சாதனையாகப் பேசப்பட்டது. நாட்டின் பிற மாநிலங்களுக்கும் மாதிரியானது.

அடுத்து வந்தது நெருக்கடி நிலை. 1976-77 ஓராண்டில் சுமார் 82 லட்சம் அறுவைகள். அவற்றில் 62 லட்சம் ஆண்களுக்கு. ஆசிரியர்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் ஆள் பிடிக்க இலக்கு, இலக்கை எட்டாவிட்டால் சம்பள நிறுத்தம். அறுவையோடு தொடர்புடைய 1,774 இறப்புகளை ஷா கமிஷன் பதிவு செய்தது. ஆறாம் பவுல் 1968-லேயே இதை எச்சரித்திருந்தார். தம்பதியர் தம் சிக்கலுக்குத் தீர்வாகக் கொள்ளும் வழியை, நாட்டின் சிக்கலுக்குத் தீர்வாக ஆட்சியாளர் எல்லார் மீதும் திணித்தால் அவர்களை யார் தடுப்பார் என்று அவர் கேட்டிருந்தார். அந்த மடலை எதிர்த்தவர்கள்கூட, நெருக்கடி நிலைக்குப் பின் அந்த ஒரு பகுதியையாவது திரும்பப் படித்திருக்க வேண்டும். நம் ஆயர்கள் 'ஹூமானே வீத்தே'யை ஏற்றார்கள், போதித்தார்கள். ஆனால் பங்குகளில் எதிரொலித்தது எந்தப் பகுதி? தம்பதியருக்கான தடை எதிரொலித்தது. ஆட்சியாளருக்கான கேள்வி எதிரொலிக்கவில்லை.

1977-க்குப் பிறகு அரசு ஆண்களைத் தொடப் பயந்தது. பாரம் முழுவதும் பெண்கள் பக்கம் சாய்ந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. ஆணுக்கான அறுவை எளியது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, ஆபத்தும் குறைவு. இருந்தும் கணக்கு இப்படி. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். இதில் நம் பங்கு மக்கள் வேறு, மற்றவர் வேறு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். பிரசவ வார்டில் கழுத்தில் ஜெபமாலையோடு படுத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வார்டில் ஒப்புதல் எப்படிப் பெறப்படுகிறது என்று சொல்கிறேன். இரண்டாவது பிரசவம். வலி எடுத்துவிட்டது. படிவம் கணவனிடமோ மாமியாரிடமோ முதலில் போகிறது. "ரெண்டோட நிறுத்திரலாம்ல?" என்று செவிலியர் கேட்கிறார். மாமியார் தலையாட்டுகிறார். பிறகு படிவம் கட்டிலுக்கு வருகிறது. பெண் கையெழுத்துப் போடுகிறாள். சில நேரம் எதற்கு என்று கேட்காமலே. வலியில் இருக்கும் பெண்ணிடம் ஒப்புதல் வாங்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டு நெறியே சொல்கிறது. அந்தச் செவிலியரை நான் குறை சொல்லவில்லை. அவர் மீதும் மேலதிகாரியின் கண் இருக்கிறது. ஒரு முறை சிசேரியன் முடிந்து கண்விழித்த பெண் ஒருத்தி, "எனக்கும் பண்ணிட்டாங்களா அக்கா?" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவளைக் கேட்டதைக் கேட்டேன். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவேயில்லை.

வடமாநிலங்களின் நிலை இன்னும் கொடியது. 2012 ஜனவரியில் பிகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில், மேசைகளை அறுவை மேசையாக்கி, டார்ச் வெளிச்சத்தில், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார். பதின்மூன்று பெண்கள் இறந்தார்கள். அராரியாவை முன்வைத்து உச்ச நீதிமன்றம் சென்றவர் தேவிகா பிஸ்வாஸ் என்ற சுகாதாரச் செயற்பாட்டாளர். 2016 செப்டம்பர் 14 அன்று, மூன்றாண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்த வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 1930 மடலின் முதல் பத்தியைக் கையில் வைத்திருந்த நாம் அந்த நீதிமன்றப் படியில் முதலில் ஏறியிருக்க வேண்டும்.

இந்த அறுவை மீட்க முடியாதது என்பதைத் தமிழகக் கடற்கரை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கண்டது. நாகையிலும் குமரியிலும் பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்த தாய்மார் பலர் அறுவை செய்துகொண்டவர்கள். குமரிக் கரையில் நம் மக்கள் மிகுதி. வெட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை அரசு தன் செலவில் ஏற்றது, பலர் செய்துகொண்டார்கள். சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை. நாற்பதை நெருங்கிய பெண்களுக்கு நம்பிக்கை சொல்ல மருத்துவர்களே தடுமாறினோம். இந்தியாவில் பெண்கள் இந்த அறுவைக்கு உள்ளாகும் இடைநிலை வயது 26-ஐ ஒட்டியது. மீதி வாழ்க்கை என்ன கொண்டுவரும் என்று 26 வயதில் யாருக்குத் தெரியும்?

சரி, திருச்சபை மாற்றாக எதைத் தருகிறது? கருப்பை வாய்ச் சளியின் தன்மையைக் கவனித்துக் கருவுறும் நாள்களை அறியும் முறையை மெல்பர்னில் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதியர் வளர்த்தெடுத்தார்கள். படிக்காத பெண்களால் அது முடியாது என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து இடங்களில் அதைச் சோதித்தது. அவற்றில் ஒன்று நம் பெங்களூரு. முதல் மாதத்திலேயே 93 விழுக்காட்டுப் பெண்கள் அடையாளத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் ஓராண்டில் கணிசமானோர் கருவுற்றார்கள். அதில் பெரும்பகுதி, இது கருவுறும் நாள் என்று தெரிந்தும் விதியை மீறியதால் வந்தது. பெண் அறிந்திருந்தாள். வேண்டாம் என்று அவளால் சொல்ல முடிந்ததா என்பதுதான் கேள்வி. இந்த முறையில் கணவனுக்கு வேலை இருக்கிறது: அவன் காத்திருக்க வேண்டும். கருத்தடை அறுவை அவனை அந்த வேலையிலிருந்து நிரந்தரமாக விடுவித்துவிடுகிறது. மனைவியின் உடலையும் மனத்தையும் பாராமல் அவளைத் தன் தேவைக்கான கருவியாக ஆண் கருதிவிடுவான் என்று ஆறாம் பவுல் அஞ்சியதை எங்கள் தலைமுறைப் பெண்கள் பலர் அப்போது கேலி செய்தார்கள். வார்டில் இருந்த நான் கேலி செய்யவில்லை.

கடினமான இடத்துக்கு வருகிறேன். இதை வேகமாகக் கடக்க எனக்கு மனம் இல்லை. சிறு வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிப்போன பெண். நம் நாட்டு ஏழைகளிடையே அரிதல்ல. ஒரு குழந்தையை எப்படியோ பெற்றுவிட்டாள். அடுத்த கர்ப்பம் அவள் உயிரைக் கேட்கும். கருக்குழாயைக் கட்டிவிடலாமா? 1975-லும் 1993 ஜூலை 31 அன்றும் உரோமை தந்த விளக்கங்கள் ஆகாது என்கின்றன. ஆபத்து கருக்குழாயில் இல்லை, வரப்போகும் கர்ப்பத்தில் இருக்கிறது. எனவே குழாயைக் கட்டுவது சிகிச்சை ஆகாது. தர்க்கம் எனக்குப் புரிகிறது, ஏற்கிறேன். 2018 டிசம்பரில் ஒரு சிறு வாசல் திறந்தது: கருப்பை இனி எந்தக் குழந்தையையும் உயிரோடு வெளிவரும் நிலை வரை சுமக்க முடியாதபடி மீள முடியாமல் கெட்டுவிட்டது என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொன்னால், அதை எடுப்பது மலட்டு அறுவை ஆகாது என்றது பேராயம். இதய நோயாளிக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

அவளுக்கு எஞ்சியிருப்பது கருவுறும் நாள்களில் விலகியிருப்பது. சில நேரம் முற்றிலும் விலகியிருப்பது. அதாவது அவள் உயிர் அவள் கணவனின் பொறுமையில் தொங்குகிறது. இதை அவளிடம் மட்டும் சொல்லி அனுப்பும் பங்குத்தந்தையும் மருத்துவரும் அவளைக் கைவிடுகிறார்கள். நம் மருத்துவமனைகள் "இங்கே அந்த ஆபரேஷன் செய்வதில்லை" என்று சொல்வதோடு நின்றால், அவள் சாலையைக் கடந்து எதிர் மருத்துவமனைக்குப் போவாள். கணவனை உட்கார வைத்து, மனைவியின் இதயத்தின் எக்கோ படத்தைக் காட்டி, ஒரு கர்ப்பம் அதை என்ன செய்யும் என்று விளக்கி, மாதாமாதம் வரச் சொல்லி, அவன் வராவிட்டால் வீடு தேடிப் போய் அவனிடம் பேசும் ஆள் நம்மிடம் இருக்க வேண்டும். அப்படி ஆளில்லாத மருத்துவமனையில் இந்தப் போதனையைச் சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

குருமாணவர்களே, நாளை ஒப்புரவு இருக்கையில் அமரப்போகும் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். பெண்கள் வருவார்கள். பல ஆண்டுகள் முன்பு ஆபரேஷன் பண்ணிக்கொண்டேன் சாமி, நற்கருணை வாங்கலாமா என்று கேட்பார்கள். வாழ்நாள் முழுக்கத் தாங்கள் பாவத்தில் இருப்பதாகச் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நற்கருணை நேரத்தில் எழாமல் இருப்பவர்களை நான் அறிவேன். சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று மறைக்கல்வியில் நீங்கள் படித்திருக்கிறீர்கள். வலியின் நடுவே, மாமியார் தலையாட்டிய பிறகு, படிக்கத் தெரியாத படிவத்தில் வைத்த கைநாட்டில் முழுச் சம்மதம் எவ்வளவு இருந்தது? யார் சொல்லிச் செய்தாய், உன்னைக் கேட்டார்களா என்று முதலில் கேளுங்கள். அறிந்தே விரும்பிச் செய்திருந்தால் மனம் வருந்தட்டும்; மன்னிப்பு உண்டு. குழாயை மறுபடி இணைத்தால்தான் மன்னிப்பு என்று எந்தச் சட்டமும் இல்லை. கணவனோடு வாழ்வதும் அவளுக்குத் தடையில்லை.

பிறகு, அவள் கணவன் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் அவன் வந்திருக்க மாட்டான். அந்த முடிவில் தனக்கும் பங்கிருந்தது என்று அவனிடம் யாருமே சொன்னதில்லை. சேர்ந்து எடுத்த முடிவு என்றால் இருவரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். அவன் எடுத்து அவள் உடலில் நிறைவேற்றப்பட்டது என்றால், முதலில் ஒப்புரவுக்கு வர வேண்டியவன் அவன்தான். அவனை அழைத்துவரச் சொல்லுங்கள். வராவிட்டால் வீடு சந்திப்புக்குப் போகும்போது திண்ணையில் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். திருமணத் தயாரிப்பு வகுப்பிலும் அந்தக் கடைசி அரை மணி நேரத்தை முதல் நாளுக்குக் கொண்டுவந்து, மணமகன் கையில் கருவுறும் நாள்களைக் குறிக்கும் அட்டவணையைக் கொடுத்து அவனையே நிரப்பச் சொல்லிக் கொடுங்கள். இந்த முறையைக் கற்றுத்தரும் பெண்கள் நம் மறைமாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் அறையும் ஒரு சனிக்கிழமையும் ஒதுக்கினால் போதும்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. இதய நோயாளி பற்றிச் சொன்னதில் கேள்விகள் இருக்கும் என்று நினைக்கிறேன், உட்கார்ந்து பேசலாம்.